சுண்ணாம்புச் சத்தும் பொட்டல வைத்தியமும்

எலும்பு வலுவுக்கென்று வைட்டமின் 'டி' பொட்டலமும் கால்ஷியம் மாத்திரையும் வாங்கி உட்கொள்ளும் வழக்கம் நமது நகரங்களில் வெகு வேகமாகப் பரவியிருக்கிறது என்பது வாசகர்கள் அறியாத விஷயமன்று. முழங்கால் வலி என்றாலும், இடுப்பு வலி என்றாலும், மாடிப்படி ஏறினால் அயர்ச்சி என்றாலும் ரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. 'டி' குறைவு என்று சீட்டு வருகிறது. வெள்ளைத் தூள் அடங்கிய ஒரு சிறு பொட்டலம் கைக்கு வருகிறது. அதன் மேல் 60,000 என்ற எண் அச்சிட்டிருக்கிறது. அவ்வெண்ணுக்கு என்ன அர்த்தம் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. பல இடங்களில் விற்கிறவர் சொல்வதுமில்லை. இந்த மௌனத்தினால் விளையும் கேட்டைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுந்தோம்.

நாம் இம்மருந்துகளுக்கு விரோதிகளல்லோம். சூரிய வெளிச்சம் காணாத இங்கிலாந்தின் ஆலைப் பட்டணங்களில் ஏழைக் குழந்தைகளின் கால் எலும்புகள் வில்லைப் போல் வளைந்து போன ரிக்கெட்ஸ் நோயை ஒழித்தது இந்த வைட்டமின்தான். 1919-ம் வருஷத்தில் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆராய்ச்சியாளர் நாய்க்குட்டிகளை வைத்துச் சோதித்து, மீனெண்ணெய் அந்நோயைத் தடுக்கிறது என்று காட்டினார். அதிலுள்ள சக்தி வைட்டமின் 'ஏ' அன்று, வேறொன்று, என்று 1922-ல் மக்காலம் என்ற அமெரிக்க ரஸாயன நிபுணர் நிரூபித்து, அதற்கு 'டி' என்ற எழுத்தைச் சூட்டினார். கண் முன்னே கண்ட பலன் இது. இதை மறுப்பவர் எவருமிலர்.

பிற்காலத்திலும் தக்க சாட்சியம் உண்டு. 1992-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து வைத்தியர்கள், விடுதிகளில் வசித்து வந்த 3,270 முதிய ஸ்திரீகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதியாருக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்ஷியமும் 800 யூனிட் வைட்டமினும் கொடுக்கப்பட்டன. மறு பாதியாருக்கு வெற்று மாத்திரை. பதினெட்டு மாதம் விடாமல் உட்கொண்டவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு 43 சதவிகிதம் குறைந்திருந்தது. அவர்களோ எண்பது வயதைக் கடந்து, வெளியில் நடமாட்டமின்றி, உணவிலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வாழ்ந்தவர்கள். இல்லாதவருக்குக் கொடுத்தார்கள், பலித்தது.

இருப்பவருக்கும் கொடுத்தால் பலிக்குமா என்று பிறகு அமெரிக்காவில் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வெளியான ஒரு பெரும் பரிசோதனையில் 36,282 ஸ்திரீகள் கலந்துகொண்டார்கள். மருந்து பெற்றவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி சுமார் ஒரு சதவிகிதம் உயர்ந்தது. எலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கல்லடைப்போ 17 சதவிகிதம் அதிகமாயிற்று. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்குத் தினம் 2,000 யூனிட் 'டி' மாத்திரம் கொடுத்துப் பார்த்த வேறொரு பரிசோதனையிலும், எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் தெரிவித்தார்கள். ஆக, குறை உள்ளவருக்கு இது மருந்து; குறை இல்லாதவருக்கு இது வீண் செலவு. வீண் செலவோடு நின்றால் நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை.

வைட்டமின் என்ற பெயரே ஜனங்களை ஏமாற்றிவிடுகிறது என்பது நமது அபிப்பிராயம். வைட்டமின் என்றால் கீரையிலும் பழத்திலும் உள்ள சத்து. சத்து அதிகமானால் நல்லதுதானே என்று எண்ணுகிறார்கள். 'டி'யின் நடத்தை வேறு. வெய்யில் தோலில் படும்போது அங்குள்ள ஒரு பொருள் மாறி இது உண்டாகிறது. பிறகு கல்லீரலில் ஒரு முறையும் சிறுநீரகத்தில் ஒரு முறையும் உருமாறுகிறது. அதன் பின், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும்படி குடலை ஏவுகிறது. சுருங்கச் சொன்னால், ரத்தத்திலுள்ள சுண்ணாம்பின் அளவை ஆளும் அதிகாரிகளுள் இது ஒன்று. வெய்யில் வழியாக வரும்போது இவ்வதிகாரிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஓரளவுக்கு மேல் தோலில் உண்டானதை அந்த வெய்யிலே சிதைத்துவிடுகிறது. நாள் முழுவதும் ஏர் பிடிக்கும் குடியானவருக்கு வெய்யிலால் வைட்டமின் மிகுந்து விஷமாவதில்லை. வாய் வழியாகவும் ஊசி வழியாகவும் நுழைவதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மேலும் இது தண்ணீரில் கரைந்து வெளியேறும் வஸ்துவன்று. கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்குவது. தவற்றை இன்று உணர்ந்து மருந்தை நிறுத்தினாலும், அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

இப்பொழுது அந்த 60,000-ஐக் கவனிப்போம். வளர்ந்த மனிதருக்குத் தினம் வேண்டியது 600 யூனிட் என்று நமது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸில் 2020-ல் வகுத்திருக்கிறது. அமெரிக்க நிபுணர்களும் அதையே சொல்லி, எழுபது வயது கடந்தவருக்கு 800 என்றும், வைத்தியர் மேற்பார்வையின்றி எவரும் தினம் 4,000-க்கு மேற்போகலாகாது என்றும் எல்லை கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு பொட்டலம் என்பது நூறு நாள் தேவை. குறை நிச்சயமாக உள்ளவருக்கு வைத்தியர் இதை வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரம் கொடுத்து, பிறகு மாதத்துக்கு ஒன்றாகவோ, தினசரி சிறு அளவாகவோ மாற்றுவது வழக்கம். அது முறையான சிகிச்சை. அதே பொட்டலத்தைத் தினம் ஒன்றாகப் பாலில் கலந்து குடிப்பவர் வாரத்தில் 4,20,000 யூனிட் உட்கொள்ளுகிறார். மற்ற மாத்திரைகளெல்லாம் தினம் ஒன்று என்றிருக்க, இது மட்டும் வாரம் ஒன்று என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சீட்டில் வைத்தியர் கிறுக்கிய ஆங்கில எழுத்தை அவர் படிக்க முடியவில்லை. பொட்டலத்தின் மேலுள்ளதும் பெரும்பாலும் ஆங்கிலமே. எட்டு வாரம் என்று சொல்லப்பட்டதை எட்டு மாதமாக நீட்டிக்கொள்பவர்களோ இன்னும் அதிகம். சீட்டைக் காட்டினால், சில கடைகளில் சீட்டைக் காட்டாமலே, மறுபடியும் கிடைக்கிறது.

இவ்வாறு மிகையாக உட்கொண்டவருக்கு நேர்வது என்ன? ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறுகிறது. முதலில் பசி மந்தம், குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். பிறகு தீராத தாகம், அடிக்கடி சிறுநீர். அதன் பின் சோர்வு, பேச்சில் தடுமாற்றம், மனக்குழப்பம். சிறுநீரகம் கெடுகிறது, இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறது. இதிலுள்ள பெரும் சங்கடம், நோயாளி பெரும்பாலும் வயோதிகராக இருப்பதுதான். தாத்தா சாப்பிடவில்லை, எதையோ உளறுகிறார் என்றால் வீட்டார் அதை வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள். பலவீனம் என்று எண்ணி, மேற்கொண்டு ஒரு பொட்டலம் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

இது கற்பனைப் பயமன்று. 2011-ம் வருஷத்தில் காஷ்மீரத்து வைத்தியர்கள், இவ்விதம் வைட்டமின் மிகுந்து விஷமாகித் தம்மிடம் வந்த பத்துப் பேரைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். குளிர் மிகுந்து வெய்யில் குறைந்த அந்நாட்டில் 'டி' குறைவு சர்வ சாதாரணம். குறைவு மிகுந்த இடத்திலேயே மிகையினால் நோயாளிகள் உண்டானார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனங்களுக்குக் குறைவு இருக்கிறது என்ற பொது உண்மையை, எதிரில் நிற்கும் ஒருவருக்கு ஊசிமேல் ஊசி போடுவதற்குக் காரணமாகக் கொள்ளலாகாது.

அதற்கும் முந்திய பாடம் ஒன்று பிரிட்டனில் கிடைத்தது. யுத்த காலத்திலும் அதற்குப் பின்னும் குழந்தைகளின் நலம் கருதி அந்நாட்டு ஸர்க்கார் பால் பவுடரிலும் தானிய மாவிலும் இந்த வைட்டமினைச் சேர்க்க ஏற்பாடு செய்தது. தாய்மார் மேலாக மீனெண்ணெயும் புகட்டினார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே சரியான ஏற்பாடுதான். எல்லாம் சேர்ந்தபோது சில குழந்தைகள் தினம் 4,000 யூனிட் வரை பெற்றன. 1950-க்குப் பின் சில வருஷங்களில் பால் குடியாமல் வாந்தியெடுத்து மெலியும் சிசுக்கள் பல ஆஸ்பத்திரிகளுக்கு வந்தன. ரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்திருந்தது. 1957-ல் அளவைக் குறைத்தார்கள். எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லையே, சில மட்டும் ஏன் என்ற கேள்விக்கு நெடுநாள் கழித்து, 2011-ல், ஒரு விடை கிடைத்தது: மிகுந்த வைட்டமினைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அண்டை வீட்டுக்காரருக்கு ஒன்றும் செய்யாத அளவு நமக்கும் ஒன்றும் செய்யாது என்று சொல்ல முடியாது.

வருஷத்துக்கு ஒரே முறையாகப் பெரும் அளவைக் கொடுத்துவிட்டால் தினசரித் தொல்லை இல்லையே என்று கருதி ஆஸ்திரேலியாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். எழுபது வயதைக் கடந்த 2,256 ஸ்திரீகளில் ஒரு பாதியாருக்கு வருஷம் ஒரு முறை 5,00,000 யூனிட் வாய்வழியாகக் கொடுத்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களிடமே இரண்டும் அதிகமாயின. 2010-ல் இது வெளியாயிற்று. நமது நாட்டிலோ 6,00,000 யூனிட் ஊசி மருந்து தாராளமாக விற்பனையில் இருக்கிறது. உணவிலுள்ள சத்தைக் குடல் ஏற்காத சில நோயாளிகளுக்கு ஊசி அவசியமாகலாம். நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு ஊசி போடுங்கள்" என்று கேட்பவருக்கு அது எதற்கு?

கால்ஷியம் மாத்திரையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். மாத்திரையின் மேல் 1,250 மில்லிகிராம் கால்ஷியம் கார்பனேட் என்றிருந்தால் அதில் சுண்ணாம்புச் சத்து 500 மில்லிகிராமே, மிகுதி கார்பனேட். அந்த 500-ம் குடல் ஒரு வேளைக்குச் செவ்வையாக ஏற்கும் அளவின் எல்லை. ஆகவே இரண்டு மாத்திரையை ஒரே வாயில் போட்டுக்கொள்வதில் லாபம் குறைவு. கார்பனேட் கரைவதற்கு வயிற்றிலுள்ள புளிப்பு நீர் வேண்டும். எனவே ஆகாரத்துடன் உட்கொள்ள வேண்டும். நெஞ்செரிச்சலுக்கென்று காலையில் மாத்திரை போட்டுப் புளிப்பு நீரை அடக்கிவிட்டு, அதன் பின் கார்பனேட்டை விழுங்குபவர் ஒரு கையால் பூட்டிய கதவை மறு கையால் தட்டுகிறார். அத்தகையோருக்கு ஸிட்ரேட் என்ற வகை ஏற்றது. தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லையேல் தைராய்டு மருந்து குடலில் ஏறாது. ரத்தசோகைக்கான இரும்புச் சத்து மாத்திரையையும், டெட்ராஸைக்ளின், ஸிப்ரோபிளாக்ஸஸின் போன்ற கிருமிநாசினி மருந்துகளையும் கால்ஷியத்துடன் சேர்த்து விழுங்கலாகாது. கர்ப்பிணிகளுக்கு இரும்பும் சுண்ணாம்பும் இரண்டும் கொடுக்கப்படுகின்றன. ஒன்றைப் பகலிலும் ஒன்றை இரவிலும் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டால் இரண்டையும் கொடுத்த பலன் குறைந்துவிடும்.

கூட்டிப் பார்க்கும் வழக்கமும் நமக்கு வேண்டும். பல கால்ஷியம் மாத்திரைகளில் 250 அல்லது 500 யூனிட் 'டி'யும் கலந்திருக்கிறது. சத்து மாத்திரை என்று வேறொன்று, அதிலும் 'டி'. இவற்றோடு வாரப் பொட்டலம். மூன்று வைத்தியர் எழுதிய மூன்று சீட்டுகளை ஒரே மனிதர் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையும் மற்றவரிடம் காட்டுவதில்லை. குழந்தைகளின் சொட்டு மருந்திலும் இதே அபாயம். சிசுவுக்குத் தினம் 400 யூனிட் போதும் என்பது குழந்தை வைத்தியர்களின் முடிவு. கடையில் ஒரு மில்லிலிட்டரில் 400 உள்ளதும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. புட்டி மாறினால் அளவும் மாற வேண்டும் என்பது தாய்க்குச் சொல்லப்படுகிறதா? ஒரு புட்டியின் குழாயை மற்றொரு புட்டிக்கு உபயோகிக்கலாகாது என்பதாவது சொல்லப்படுகிறதா?

சிலர் வைத்தியரைக் கேளாமல் இம்மருந்துகளைத் தொடவே கூடாது. கல்லடைப்பு வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கழுத்திலுள்ள பாராதைராய்டு கோளம் மிகையாக வேலை செய்பவர்கள், ரத்த அழுத்தத்துக்காகத் தயஸைடு வகை மருந்து உட்கொள்பவர்கள், இருதயத்துக்காக டிஜாக்ஸின் உட்கொள்பவர்கள் இவ்வகையினர். க்ஷயரோகிகளை நாம் தனியே குறிப்பிடுகிறோம். க்ஷயத்தினால் உண்டாகும் கட்டிகள் தாமே இந்த வைட்டமினை உக்கிரமான உருவத்துக்கு மாற்றும் தன்மையுடையவை. அதனால் சாதாரண அளவிலும் சிலருக்கு ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிவிடுவதுண்டு. மெலிந்திருக்கிறார், சத்து வேண்டும் என்று எண்ணி உறவினர் வாங்கிக் கொடுக்கும் பொட்டலத்தால் வரக்கூடிய தீங்கு இது. க்ஷயம் குறையாத நமது நாட்டில் இது சிறு விஷயமன்று.

சுண்ணாம்புச் சத்தைப் பொறுத்த வரையில் முதற்கடை அடுக்களையே. வளர்ந்தவருக்கு வேண்டியது தினம் சுமார் 1,000 மில்லிகிராம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300-க்கு மேல் இருக்கிறது. பாலில் சுமார் 120. எள்ளிலும் அகத்திக்கீரையிலும் அதனினும் பன்மடங்கு. முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் நிறைய. கேழ்வரகுக் கூழும் மோரும் குடித்த தலைமுறையின் பேரர்கள் தீட்டிய அரிசியையும் காப்பியையும் நம்பியிருந்து, பிறகு மாத்திரைக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறார்கள். உணவிலுள்ள சுண்ணாம்பு கல்லடைப்பை உண்டாக்கும் என்று பயந்து பாலை விடுபவர்களும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: ஆகாரத்திலுள்ள சுண்ணாம்பு, கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து நிறுத்துகிறது. வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரைக்கே அந்தக் குற்றம் பொருந்தும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எலும்புக்கு நல்லது என்று சில பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாக்கும் புகையிலையும் வாயில் புற்றை உண்டாக்குபவை; அந்தச் சுண்ணாம்பைச் சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வெய்யிலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நமக்கு அது வருஷம் முழுவதும் கிடைக்கிறது. ஆனால் காலை இளவெய்யிலில் இதற்கு வேண்டிய கதிர் குறைவு. நடுப்பகலை ஒட்டிய வெய்யிலில்தான் அதிகம். கண்ணாடி அக்கதிரைத் தடுக்கும். ஆகவே ஜன்னலோரம் உட்கார்ந்து பயனில்லை. நமது கறுத்த தோலுக்கு வெள்ளையரைவிட அதிக நேரம் வேண்டும். ஆபீஸிலும் ஆலையிலும் பகலைக் கழிப்பவருக்கும், வீட்டை விட்டு வெளிவராத ஸ்திரீகளுக்கும் குறை உண்டாவது இதனால்தான். அவர்களுக்கு மருந்து தேவைப்படலாம் என்பதை மறுபடியும் சொல்லுகிறோம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கண்டு கலங்குவோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பது 2010-ல் அமெரிக்க நிபுணர் குழுவின் முடிவு. 30 வேண்டும் என்று 2011-ல் வேறொரு சங்கம் சொல்லிற்று. பல பரிசோதனைச் சாலைகள் அந்த 30-ஐயே பிடித்துக்கொண்டு, 25 உள்ளவரையும் குறையுள்ளவர் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டன. 2024-ல் அதே சங்கம் 30 என்ற எல்லையைக் கைவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனையே வேண்டாமென்றும், எழுபத்தைந்து வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான பெரியோர் தினசரித் தேவைக்கு மேல் உட்கொள்ள வேண்டாமென்றும் தெரிவித்திருக்கிறது. இந்தச் செய்தி நமது பரிசோதனைச் சீட்டுகளை இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை!

இங்கே பொதுத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் செய்கிறோம். தலைவர்களின் பிறந்த நாளிலும் சங்க ஆண்டு விழாக்களிலும் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் நடத்துவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. குதிகாலை ஒரு பெட்டியில் வைத்துப் பார்க்கும் அக்கருவி எலும்பின் நிலையைக் குத்துமதிப்பாகக் காட்டுமேயன்றி ரத்தத்தில் வைட்டமின் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று காட்டாது. அதை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்குப் பத்துப் பொட்டலம் கொடுத்தனுப்புவது தொண்டாகாது. மருந்துக் கம்பெனியார் பந்தலுக்கும் கருவிக்கும் பணம் தருகிறார்கள் என்றால், அப்பந்தலில் என்ன விற்கப்படுகிறது என்று கேட்கும் கடமை அழைத்தவருக்கு உண்டு. முகாம் நடத்துவோர் ஒவ்வொருவரிடமும் கல்லடைப்பு, சிறுநீரக நோய், க்ஷயம், தற்போது உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை விசாரித்து எழுதிக்கொள்ள ஒரு தொண்டரையாவது நியமிக்கட்டும். வைத்தியர் பார்த்து எழுதாமல் பொட்டலம் எவர் கைக்கும் போகலாகாது.

ஸர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவும் செய்யக்கூடியவை உண்டு. 60,000 யூனிட் பொட்டலமும் 6,00,000 யூனிட் ஊசி மருந்தும் வைத்தியர் சீட்டின்றி எந்தக் கடையிலும் கை மாறாதபடி பார்க்க வேண்டும். பொட்டலத்தின் முன்புறத்திலேயே 'வாரத்துக்கு ஒன்று மட்டும். வைத்தியர் சொன்ன வாரங்களுக்கு மேல் வேண்டாம்' என்று கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் தமிழிலும் அச்சிடச் செய்ய வேண்டும். சொட்டு மருந்துப் புட்டிகளில் 400, 800 என்ற வித்தியாசத்தை வேறு வேறு நிறத்தால் காட்டச் சொல்லலாம். இவை ஒன்றுக்கும் புதிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அதிகப் பணமும் வேண்டியதில்லை. அதுவரையில், கடைக்காரர்கள் தாங்களே ஒரு பேனாவை எடுத்துப் பொட்டலத்தின் மேல் கிழமையை எழுதிக் கொடுக்கலாம். அவ்விதம் செய்யும் கடைகள் சில இருக்கின்றன. மற்றவர்களும் நாளைக் காலையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.